45,000 பவுண்ட் சம்பளம்: ஐல் ஆஃப் மேனுக்குப் போனால் மிச்சமாகுமா?

கேள்வி: மான்செஸ்டரில் மூன்று ஆண்டுகளாக ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவி வேலைக்குப் போகவில்லை, ஒரு குழந்தை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் தலைநகர் டக்ளஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம், இப்போது வாங்கும் அதே 45,000 பவுண்ட் சம்பளத்துக்கு அழைக்கிறது. ‘அங்கே வரியே கிடையாது’ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? திருச்சியில் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) வைப்பும், இங்கே ஐசா (வரிவிலக்குள்ள பிரிட்டன் சேமிப்புக் கணக்கு) சேமிப்பும் இருக்கின்றன.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது கம்பெனிகளுக்குப் பொருந்தும். அங்கே பெரும்பாலான கம்பெனிகளின் லாபத்துக்கு வரி 0%தான். வங்கிகளுக்கும் பெரிய சில்லறைக் கடைகளுக்கும் 15%. காப்பீடும் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் அந்தத் தீவில் குவிந்ததற்கு இந்த வரி அமைப்பு ஒரு முக்கியக் காரணம். சம்பளக்காரர் வருமான வரி கட்டியே ஆக வேண்டும்.

2025-26 விகிதங்களை வைத்து முழு ஆண்டுக்குக் கணக்குப் போடுவோம். தீவில் முதல் 14,750 பவுண்டுக்கு வரி இல்லை. அடுத்த 6,500-க்கு 10%, அதற்கு மேல் 21%. 45,000 வாங்கும் தனிநபருக்கு வருமான வரி 5,637 பவுண்ட் வரும். ஓய்வூதியம் போன்றவற்றுக்காக, ஒரு வரம்புக்கு மேலுள்ள சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 11%. அது சுமார் 4,000. மொத்தம் ஏறக்குறைய 9,600. இங்கிலாந்தில் அதே சம்பளத்துக்கு வரி 6,486, நேஷனல் இன்ஷூரன்ஸ் 8% வீதம் 2,594, மொத்தம் 9,080தான். ஆக, நீங்கள் தனி ஆளாக இருந்தால் ‘குறைந்த வரி’த் தீவில்தான் அதிகம் கட்டுவீர்கள்! பலர் வருமான வரி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் போகிறார்கள்.

உங்களுக்குச் சாதகமாக இருப்பது குடும்ப அமைப்பு. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே கணக்காக வரி போடச் சொல்லி அங்கே விண்ணப்பிக்கலாம். அப்போது வரியில்லா வரம்பு 29,500 ஆகும். 10% அடுக்கும் 13,000 ஆக இரட்டிக்கும். உங்கள் வருமான வரி 1,825 பவுண்டாக இறங்கிவிடும். நேஷனல் இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் சுமார் 5,800. இங்கிலாந்தில் திருமணச் சலுகை 252 பவுண்டைக் கழித்த பிறகும் 8,828 கட்ட வேண்டும். ஆண்டுக்கு 3,000 பவுண்ட் மிச்சம். ஆனால் நாளை உங்கள் மனைவியும் வேலைக்குப் போனால், அவருடைய வரம்பை அவரே பயன்படுத்துவார். இந்த மிச்சம் கரைந்துவிடும்.

இந்த விகிதங்கள் நிலையானவை என்றும் எண்ண வேண்டாம். ஐல் ஆஃப் மேன் பிரிட்டனின் பகுதி அல்ல. மன்னருக்கு உட்பட்ட தனி ஆட்சிப் பகுதி. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. வரி, குடியேற்றம், மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் டின்வால்டு என்ற அந்தத் தீவின் நாடாளுமன்றம் முடிவு செய்பவை. மேல் அடுக்கு வரி 2023-24 வரை 20%. மருத்துவச் செலவுக்காக மறு ஆண்டே 22% ஆக்கினார்கள், பிறகு 21% ஆக இறக்கினார்கள். கிடைக்கும் வாட் வரியை 1979 ஒப்பந்தப்படி பிரிட்டனோடு பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2009-இல் பங்கீட்டு முறை மாறியபோது தீவு அரசின் வருவாயில் பெரிய ஓட்டை விழுந்தது. அதனால் ஒவ்வொரு பிப்ரவரியும் அவர்களுடைய பட்ஜெட்டைப் பாருங்கள். கடைக்குப் போனால் வாட் அங்கேயும் 20%தான்.

தனி ஆட்சி என்பதால்தான் உங்கள் விசா விஷயம் சிக்கலாகிறது. லிவர்பூலிலிருந்து பாஸ்போர்ட் சோதனை இல்லாமலே கப்பல் ஏறிவிடலாம், ஆனால் பிரிட்டன் விசாவை வைத்து அங்கே வேலை செய்ய முடியாது. தீவின் சொந்த ஒர்க்கர் மைக்ரன்ட் விசா வேண்டும். அதற்கு நிறுவனம் வேலை உறுதிச் சான்று தர வேண்டும். அந்த விசா கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக நீங்கள் சேர்த்திருக்கும் மூன்று ஆண்டுகள். தீவில் கழிக்கும் காலம் அதோடு சேருமா என்பது விசா வகையையும், கடைசி அனுமதி எங்கே தரப்பட்டது என்பதையும் பொறுத்தது. குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். 3,000 பவுண்ட் மிச்சத்துக்காக அந்த மூன்று ஆண்டுகளை இழப்பது எனக்குச் சம்மதமில்லை.

சேமிப்புக்கு வருவோம். தீவில் வசிப்பவராகிவிட்டால் உலகம் முழுவதும் வரும் வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு. ஐசாவில் புதிதாகப் பணம் போட முடியாது. அதன் வட்டிக்கு இங்கே இருந்த விலக்கு அங்கே இல்லை. மூலதன லாப வரியும் வாரிசுரிமை வரியும் தீவில் கிடையாது. பங்குகளில் நீண்ட காலம் முதலீடு செய்பவர்களுக்கு இது உண்மையான பலன். ஆனால் திருச்சியில் ஒரு மனையை விற்றால் இந்திய வரியிலிருந்து தப்ப முடியாது.

என்.ஆர்.ஓ. வட்டியில் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் வசிக்கும்போது வசிப்பிடச் சான்று கொடுத்து, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் தடுக்கும் இரட்டை வரி ஒப்பந்தப்படி, வட்டியில் வங்கி பிடிக்கும் டி.டி.எஸ். வரியை 15% ஆக்கலாம். அந்த ஒப்பந்தம் ஐல் ஆஃப் மேனுக்குச் செல்லாது. இந்தியாவுக்கும் தீவுக்கும் இருப்பது 2011-இல் போட்ட தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் மட்டுமே. எனவே வங்கி 30%-ஐயும் செஸ் என்ற கூடுதல் வரியையும் பிடிக்கும். உங்கள் இந்திய வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் தீவில் அதைக் காட்டியாக வேண்டும். கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புகின்றன. மறைக்க நினைக்க வேண்டாம்.

தீவு வங்கிகளில் போடும் பணத்துக்குப் பிரிட்டனின் வைப்புப் பாதுகாப்பு கிடையாது. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் காப்திங் வங்கிக்குச் சொந்தமான தீவு வங்கி விழுந்தபோது இது பலருக்குத் தெரியவந்தது. தீவின் பாதுகாப்பு வரம்பை அப்போதுதான் 50,000 பவுண்டாக உயர்த்தினார்கள். பெரிய தொகை வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் தவணை தவணையாகத்தான் திரும்பப் பெற்றார்கள். தீவின் வைப்புப் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தயாராகக் கையில் நிதி இருக்காது. ஒரு வங்கி விழுந்த பிறகு மற்ற வங்கிகளிடம் வசூலித்துத் தருவார்கள். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் 50,000-க்கு மேல் வைக்காதீர்கள்.

மிச்சமாகும் 3,000 பவுண்டில் ஊர் போய்வரும் விமான, கப்பல் செலவு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சில சிகிச்சைகளுக்கு லிவர்பூல் போக வேண்டியிருக்கும். டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் மே கடைசி, ஜூன் முதல் வாரங்களில் தங்க இடமே கிடைக்காது. வேலையில் சேரும் தேதியை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். விசாக் கட்டணம், வீட்டுச் சாமான் போக்குவரத்து, முதல் மாத வாடகை இவற்றை நிறுவனம் ஏற்குமா என்று ஒப்புக்கொள்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். அவை உங்கள் தலையில் விழுந்தால், முதல் ஆண்டின் வரி மிச்சம் முழுவதும் அதிலேயே போய்விடலாம். அப்போது சம்பளத்தைக் கூட்டிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.