நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர அமெரிக்க டிவில ஏன் அத்தன வருஷம் பாட விடல?

அவரோட அரசியல்தாங்க காரணம். இளவயசுல கம்யூனிஸ்ட் கட்சில இருந்தவரு, தொழிற்சங்கக் கூட்டங்கள்ல பாஞ்சோங்கற தந்தி வாத்தியத்தோட போய் பாடுவாரு. 1955ல நாடாளுமன்றக் குழு ஒண்ணு கூப்பிட்டு எங்க பாடுன, யாருக்குப் பாடுனன்னு குடைஞ்சப்ப, என் கொள்கை, என் ஓட்டு பத்தி கேக்கவே உங்களுக்கு உரிமை இல்ல, வேணும்னா நீங்க கேக்கற பாட்ட இங்கயே பாடிக் காட்டறேன்னுட்டாரு, என்ன தைரியம் பாருங்க! பதில் சொல்ல மறுத்ததுக்கு 1961ல ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு, அடுத்த வருஷமே அப்பீல்ல ரத்தாயிடுச்சு, ஆனா பெரிய சேனல்லாம் 1967 வரைக்கும் அவர சேக்கவே இல்ல. சேத்தப்பவும் வியட்நாம் போரக் குத்துற பாட்ட சிபிஎஸ் சேனல் வெட்டிருச்சு, எதிர்ப்பு கிளம்புனப்புறம்தான் 1968ல போட்டாங்க. அந்த நடுக்காலத்துல மனுஷன் காலேஜ் காலேஜா, கேம்ப் கேம்ப்பா போய் பசங்களுக்குப் பாடுனாரு பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம், 60கள்ல கிட்டாரத் தூக்குன நெறைய பேரு அப்படி அவரக் கேட்டு வளந்தவங்கதான்.