தாண்டினால் அக்கரை வந்துவிடும் ஓடையில் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: முதுகலைச் சூழலியல் மாணவி நான். ஆய்வுக்கு ஒரு காட்டோடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரே எட்டில் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்னது. “இதில் என்ன தெரிந்துவிடும், பெரிய ஆற்றை எடு” என்கிறார்கள். களப்பணிக்கு ஓராண்டுதான் இருக்கிறது. மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். ஓடை சின்னதாக இருப்பதுதான் உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி.

பெரிய ஆற்றில் ஒரு குப்பி நீர் எடுத்துச் சோதித்தால் அதில் நைட்ரேட் (செடிகளுக்கு ஊட்டமாகும் நைட்ரஜன் உப்பு) இருப்பது தெரியும். அது வயலிலிருந்து வந்ததா, சாக்கடையிலிருந்தா, காட்டிலிருந்தா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. சிற்றோடைக்கு அந்தக் குழப்பம் குறைவு. சுற்றியுள்ள முகடுதான் அதன் எல்லை. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழையில் மரமும் மண்ணும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சமெல்லாம் ஒரே வாய் வழியாக வெளியேறும். மழையை வரவு என்றும் ஓடைவாயில் போவதைச் செலவு என்றும் வைத்துக் காட்டுக்கே கணக்கு எழுதலாம். அடிப்பாறை நீரைக் கசியவிடாததாக இருந்தால் கணக்கு இன்னும் துல்லியமாக வரும்.

இந்த எளிய யோசனையின் வலிமையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பார்ட் புரூக் காடு காட்டியது. போர்மன், லைக்கன்ஸ், ஜான்சன், பியர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1963இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். 1965 இறுதியில் 15.6 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சிறு வடிநிலத்தின் (ஓர் ஓடைக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்பு) மரங்கள் முழுவதையும் வெட்டி அங்கேயே கிடக்கவிட்டார்கள். அடுத்த மூன்று கோடைகளில் களைக்கொல்லி தெளித்து எதுவும் துளிர்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே ஓடைநீர் சுமார் 40% கூடியது. அதைவிட அதிர்ச்சி தந்தது நைட்ரேட்: பல பத்து மடங்கு ஏறியது. உறிஞ்ச வேர் இல்லாததால், மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய நைட்ரேட் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டது. மண்ணின் வளத்தை மரங்கள் எவ்வளவு இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை ஓடைநீர்தான் சொன்னது. பக்கத்திலேயே வெட்டப்படாத வடிநிலங்களும் இருந்ததால், மழை கூடியதால் வந்த மாற்றம் இது என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே உங்கள் ஓடைக்கும் ஒரு துணை தேடுங்கள். பரப்பு, சரிவு, பாறை, மழை ஆகியவை ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். வேறுபாடு காட்டில் மட்டும் இருக்கட்டும். இயற்கைக் காட்டோடை ஒன்று, ஒரே இன மரத்தோப்பு வழியே வருவது ஒன்று என்று எடுத்தால் ஓராண்டில் சொல்ல விஷயம் இருக்கும். ஆனால் வேறுபாட்டுக்கெல்லாம் காடுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஹப்பார்ட் புரூக்கில் வெட்டுவதற்கு முன்பே அளவீடுகள் இருந்தன. உங்களிடம் அவை இல்லை.

அளப்பதில் முதலிடம் நீரோட்டத்துக்கு. ஓடைவாயில் மேல் விளிம்பில் V வடிவில் 90 பாகை கூர்வெட்டுள்ள தகட்டைக் குறுக்கே நிறுத்தினால் போதும். வெட்டின் முனையிலிருந்து நீர் 10 செ.மீ. உயர்ந்தால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் போகிறது. 20 செ.மீ. என்றால் சுமார் 25 லிட்டர்! உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அதனால் அளவுகோலை அரை செ.மீ. தவறிப் படித்தாலும் கணக்கு கெடும். மழையளவைத் திறந்த வெளியில் எடுங்கள். இலைகளைத் தாண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை மரத்தடியில் தனியாக அளக்கலாம். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். ஆண்டுக் கணக்கை மண் மிகவும் காய்ந்திருக்கும் காலத்தில் தொடங்கி அதே காலத்தில் முடியுங்கள்; இல்லாவிட்டால் மண்ணில் தேங்கிய நீர் கணக்கைக் குழப்பும்.

வாரத்தில் ஒரு நாள் என்று முறைவைத்து மட்டும் நீர் எடுக்காதீர்கள். ஓராண்டு வண்டலின் பெரும்பங்கு சில கனமழைகளின் போது, சில மணி நேரத்தில் போய்விடும். அந்த நேரத்து மாதிரி இல்லாவிட்டால் மற்ற மாதிரிகளால் அதை ஈடுகட்ட முடியாது.

உயிர்களையும் விட்டுவிடாதீர்கள். நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டினால் அடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் இளரிகள் (நீரில் வாழும் இளம்பருவம்) தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கரையில் உதிரும் இலையும் அதை அரித்துத் தின்னும் பூச்சியும்தான் நிழலோடையின் சமையலறை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு காட்டோடையில் நகானோவும் முராகாமியும் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. மீன்களின் ஆண்டு உணவுத் தேவையில் 44% காட்டிலிருந்து விழும் பூச்சிகள். பறவைகளின் தேவையில் சுமார் 26% ஓடையிலிருந்து பறந்து வருபவை. காடா, ஓடையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சங்கடமே உங்களுக்கு வேண்டாம்.

ஓடையில் விழும் இலையை யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று பார்க்க அதிகச் செலவும் இல்லை. உலர்த்தி எடைபோட்ட இலைகளைப் பெருங்கண் வலைப்பையிலும் நுண்கண் வலைப்பையிலும் கட்டி ஓடையில் போடுங்கள். சில வாரம் கழித்து எடுத்து, கழுவி, உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். நுண்கண் பையில் குறைந்தது பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலை. பெருங்கண் பையில் கூடுதலாகக் குறைந்ததில் பெரும்பங்கு பூச்சிகளுடையது.

அனுமதி கைக்கு வந்ததும் முதலில் முகட்டெல்லை முழுவதையும் நடந்து பாருங்கள், முடிந்தால் நல்ல மழைக்குப் பிறகு. வரைபடத்தில் தெரியாத ஒரு பாதையோ பழைய வாய்க்காலோ பக்கத்துச் சரிவின் நீரை உங்கள் ஓடைக்குத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் தகட்டை நடுங்கள்.