இப்போது கையெழுத்துப் போட வேண்டாம்

வணக்கம். வேலை இடத்தில் நீராவிக் குழாய் வெடித்து உங்கள் தம்பியின் வலது கை வெந்துவிட்டது, மூன்றே வாரத்தில் முதலாளி ஒரு தொகையை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது போட வேண்டாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி அதில் இருந்தால், பிறகு வழக்குப் போடுவது ரொம்பக் கஷ்டம்.

வெந்த புண் ஆறிவிட்டது போலத் தெரியும்; தழும்பு அப்புறம்தான் தடிக்கும். அது அடங்க ஒன்றரை வருடம்கூட ஆகலாம். இதேபோல் கை வெந்த என் அண்ணனுக்கு முழங்கை மடிப்பில் தோல் இறுகி, கையை நேராக நீட்டக்கூட முடியாமல் போனது ஐந்தாம் மாதத்தில்தான். தழும்பு தடிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை நாளுக்கு 23 மணி நேரம் மாட்டியிருந்தார், மறுபடி அறுவை சிகிச்சையும் நடந்தது. இப்படி இனிமேல் வரப்போகும் செலவையும் சேர்த்துத்தான் இழப்பீடு கேட்க வேண்டும்.

ஆதாரத்துக்காக, விபத்து அன்று தம்பி போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை, பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கையைப் படம் எடுங்கள். காயத்தின் ஆழமும் பரப்பும் மருத்துவர் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்குக்குக் காலக்கெடு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். அதனால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.