பள்ளி நலப் பணிக்குக் காசு கொடுத்துச் செயலி வாங்க வேண்டுமா? பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வேனில் வருபவர்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் செல்வது, சீருடை உதவி, பிறப்புப் பத்திரச் சிக்கல், குடும்பத் தகராறு என எல்லாம் என்னிடமே வந்து சேர்கின்றன. அண்மையில் ஒரு விற்பனையாளர், இந்தப் பதிவுகளை வைத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை ஆண்டுக்கு 1,800 ரிங்கிட் சந்தாவில் தருவதாகவும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதைக் கட்டலாம் என்றும் கூறினார். இலவசமாகவே இதைச் செய்ய வழியுண்டா?

பதில்: சங்கத்தின் பணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். மலேசியக் கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தின்வழி ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டுள்ள கணக்கிலேயே கூகுள் ஷீட்ஸ், ஃபார்ம்ஸ், காலண்டர், டிரைவ், மீட் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. இவை உங்கள் சொந்த ஜிமெயிலிலும் கிடைக்கும் என்றாலும், மாணவர் தொடர்பான எதையும் அதில் வைக்காதீர்கள். சொந்தக் கணக்கு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் திறந்தே கிடக்கும். குடும்பப் படங்களுக்கு நடுவே ஒரு பிள்ளையின் துயரம் கிடக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் வேலைக்கு ஒரே ஒரு ஷீட் போதும். மாணவரின் குறியீட்டு எண், தேதி, தகவல் தந்தவர், செய்தது, அடுத்துச் செய்ய வேண்டியது, அதற்குரிய நாள் என ஆறு பத்திகளை (நெடுவரிசைகளை) அமைத்துக்கொள்ளுங்கள். பெயரை அதில் எழுதாதீர்கள். எந்த எண் யாருடையது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, உங்கள் அறையின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஷீட் எப்படியோ வெளியே போனாலும் படிப்பவருக்கு யாரைப் பற்றியது என்று எளிதில் விளங்காது. கடைசிப் பத்தியில் இன்றைய நாளைத் தாண்டிவிட்ட தேதிகள் தாமாகவே சிவப்பாக மாறும்படி நிபந்தனை வடிவமைப்பை (conditional formatting) அமைத்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் திறந்ததும் யார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போகாமல் இருக்கிறோம் என்பது கண்ணில் படும். விற்பனையாளர் உங்களிடம் காட்டிய மென்பொருளின் முதன்மைச் சிறப்பும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

தகவல் கசிவது பெரும்பாலும் மென்பொருளின் குறையால் அன்று, ‘பகிர்’ என்னும் பொத்தானால். தலைமையாசிரியருக்கு அவசரமாக அனுப்பும்போது ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த இணைப்பு எந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போனாலும் அங்குள்ள எல்லாரும் ஷீட்டைத் திறக்கலாம். ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்றே வைத்து, பார்க்க வேண்டியவரின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். காலண்டரில் வீட்டு வருகையைக் குறிக்கும்போதும் எண்ணை மட்டும் எழுதுங்கள். நினைவூட்டல் வந்து நிற்கும் நேரம், உங்கள் மடிக்கணினி வகுப்பறைத் திரையில் இணைந்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம்.

மாணவர்களிடம் கருத்துக் கேட்க ஃபார்ம்ஸ் மிகவும் வசதியானது. ஆனால் அதன் அமைப்புகளில், பதிலளித்தவர்கள் மற்றவர்களின் பதில் சுருக்கத்தைப் பார்க்க அனுமதிக்கும் ஒரு தெரிவு உண்டு. “வகுப்பில் உன்னை யாராவது அடித்ததுண்டா?” என்று கேட்கும் படிவத்தில் அது திறந்திருந்தால், பதில் எழுதிய பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சுருக்கத்தைப் படித்துவிடுவார்கள். படிவத்தை அனுப்புமுன் வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆலோசக ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்தும் ‘எஸ்டிகியூ’ என்னும் 25 கூற்றுகள் கொண்ட நடத்தை வினாத்தாள் தமிழிலும் மலாயிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இலாப நோக்கின்றிப் பயன்படுத்துவோர் அதைத் தாளில் நகலெடுத்துக்கொள்ளலாம். அதை மின்வடிவமாக்க உரிமையாளரின் முன் அனுமதி தேவை. எனவே வசதிக்காக அதைக் கூகுள் ஃபார்முக்கு மாற்றுவது உரிமமீறல் ஆகும். தாளாகவே கொடுத்து, மதிப்பெண்ணை மட்டும் உங்கள் ஷீட்டில் பதியுங்கள்.

நீங்கள் மாற்றலாகிப் போகும் நாளையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். உங்கள் டிரைவில் உள்ள கோப்புகள் உங்கள் கணக்கைச் சேர்ந்தவை. உரிமையை அடுத்த ஆசிரியருக்கு மாற்றிக் கொடுக்காவிட்டால் பள்ளியில் எதுவும் மிஞ்சாது.

இவ்வளவுக்குப் பிறகும் சங்கம் மென்பொருளை வாங்கத்தான் விரும்பினால், விற்பனையாளரிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தகவல்கள் எந்த நாட்டில் வைக்கப்படுகின்றன, சந்தாவை நிறுத்தினால் அனைத்தையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா, அதன்பின் அவர்களிடமுள்ள படியை எத்தனை நாளில் அழிப்பார்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010, வாணிப நடவடிக்கைகளில் தகவலைக் கையாளும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ், 2025 ஜூன் முதல் தகவல் கசிவை ஆணையருக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. கூட்டரசுக்கும் மாநில அரசுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்பதால், பள்ளிக்குள் நடக்கும் கசிவுக்கு அதைச் சுட்டிக்காட்டிப் பெற்றோர் எளிதில் பரிகாரம் தேட முடியாது. உங்கள் எச்சரிக்கைதான் அங்கே பாதுகாப்பு. மூன்றாவது கேள்விக்கு “அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க” என்று வாய்மொழியாகப் பதில் வந்தால், பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் ஓர் இளைஞர் இயக்கத்தினர். பள்ளியின் வேண்டுகோளின் பேரில், படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடித் தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசை) வீடுகளுக்குச் செல்கிறோம். உள்ளே போனால் தொலைபேசிக்கு லைன் கிடைப்பதில்லை. குறிப்புகளையும் பத்திரங்களின் படங்களையும் புலனத்தில் ஏற்றி வருகிறோம். இதைவிட நல்ல வழி உண்டா?

பதில்: புலனத்தை இதற்குப் பயன்படுத்துவதை முதலில் நிறுத்துங்கள். குழுவில் போடும் ஒவ்வொரு படமும் உறுப்பினர் பலரின் கைத்தொலைபேசிப் படத்தொகுப்பில் தானாகவே சேமிக்கப்பட்டு, அங்கிருந்து அவர்களின் இணையச் சேமிப்புக்கும் போய்விடக்கூடும். ஒரு குழந்தையின் பிறப்புப் பத்திரம் இப்படி இருபது பேரிடம் இருந்தால், அதைப் பிறகு யாராலும் திரும்பப் பெற முடியாது.

இணையமில்லாத இடத்தில் படிவம் நிரப்புவதற்கென்றே கோபோடூல்பாக்ஸ் என்னும் கருவி இருக்கிறது. நிவாரணப் பணியில் ஈடுபடும் தொண்டு நிறுவனங்களுக்காக உருவாக்கப்பட்டது அது. வரம்புக்குட்பட்ட இலவசக் கணக்கும் உண்டு. வீட்டில் அமர்ந்து படிவத்தை வடிவமைத்து, ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டால், தோட்டத்துக்குள் நிரப்பியதை நகரத்துக்குத் திரும்பி லைன் கிடைத்ததும் அனுப்பலாம். பல தோட்டங்களில் பலர் சேர்ந்து கணக்கெடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மாதத்துக்குச் சில வீடுகள் மட்டுமே என்றால், என் கருத்தில் இது தேவைக்கு மிஞ்சியது. அச்சடித்த படிவமும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பவரிடம் எந்தத் தாயும் மனம் திறக்க மாட்டாள்.

பத்திரங்களைப் படியெடுக்க, ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி உண்டு. ஐபோனில் நோட்ஸ் செயலியில் உண்டு. தனியாக இலவச ஸ்கேனர் செயலி தேட வேண்டாம். 2019 ஆகஸ்டில், பல கோடிப் பேர் இறக்கியிருந்த காம்ஸ்கேனர் ஆண்ட்ராய்டுச் செயலியின் விளம்பரப் பகுதியில் தீங்கு நிரல் இருப்பதை இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டறிந்தது. கூகுள் அதைப் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. திருத்திய பதிப்பு பின்னர் மீண்டும் வந்தது. விளம்பரத்தில் பிழைக்கும் செயலிகளில் இத்தகைய அபாயம் எப்போதும் உண்டு. கேமராவின் அமைப்பில் இடக்குறிப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் எந்த லயனில் எடுத்த படம் என்பது படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும்.

கேள்வி: ஆலோசகரைச் சந்திக்க விரும்பும் மாணவர்கள் பதிவு செய்ய, இலவசத் தளமொன்றில் கியூஆர் குறியீடு உருவாக்கி, அச்சடித்துப் பள்ளி முழுவதும் ஒட்டினோம். இரண்டே வாரத்தில் அது வேலை செய்யவில்லை. சந்தா கட்டச் சொல்கிறது. பணம் கட்டாமல் மீட்க முடியுமா?

பதில்: முடியாது. அந்தத் தளம் உங்கள் படிவத்தின் முகவரியைக் குறியீட்டில் பதியாமல், தன்னுடைய முகவரியைப் பதிந்து, அங்கிருந்து உங்கள் படிவத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. சோதனைக் காலம் முடிந்ததும் வழியை அடைத்துவிட்டது. குரோம் உலாவியில் உங்கள் படிவத்தைத் திறந்து, பகிரும் பட்டியலிலுள்ள கியூஆர் தெரிவை அழுத்தினால் நேரடிக் குறியீடு கிடைக்கும். அதற்குக் காலாவதி இல்லை. மீண்டும் அச்சடிப்பதுதான் செலவு. அச்சுக்குக் கொடுக்குமுன், ஸ்கேன் செய்யும்போது திரையில் தோன்றும் முகவரி யாருடையது என்று பாருங்கள்.

கேள்வி: பெற்றோர்கள் இரவு பதினொரு மணிக்கும் புலனத்தில் அழைக்கிறார்கள். பள்ளி வேலைக்கென்று தனியாக இன்னொரு கைத்தொலைபேசி வாங்க எண்ணியுள்ளேன். நடுத்தர விலையில் எது நல்லது?

பதில்: தொலைபேசி வாங்க வேண்டாம், முன்கட்டணச் சிம் அட்டை ஒன்று வாங்கினால் போதும். உங்கள் தொலைபேசியில் இரண்டு சிம் வசதி இருந்தால், இரண்டாவது எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் இலவசச் செயலியை நிறுவலாம். இரண்டும் ஒரே தொலைபேசியில் தனித்தனியாக இயங்கும். பெயரைக் கண்டு அது கடைக்காரர்களுக்கு மட்டுமானது என்று எண்ண வேண்டாம். பணிநேரம் முடிந்தபின் வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் போகும்படி அதில் அமைக்கலாம். அந்தப் பதிலில், அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

தமிழில் எழுத, மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி இருக்கிறது. 2005-இல் வெளிவந்த அது இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. பேத்தியை வளர்க்கும் பாட்டிகளுக்கு எழுத்தைவிடக் குரல்பதிவே நல்லது. ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினால் அவர்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், விஷயம் லயன் முழுவதும் பரவிவிடும்.

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் மகளுக்குப் பதற்றம் அதிகம். அவளுடைய ஆலோசக ஆசிரியர் மூச்சுப்பயிற்சிச் செயலியைப் பயன்படுத்தச் சொன்னார். அவள் ஏதோ ஒன்றை என் தொலைபேசியில் இறக்கினாள். ‘ஏழு நாள் இலவசம்’ என்றிருந்தது. செயலியை அழித்த பிறகும் என் தொலைபேசிக் கட்டணத்தில் பணம் பிடிக்கப்படுகிறது.

பதில்: செயலியை அழிப்பதால் சந்தா நிற்பதில்லை. பிளே ஸ்டோரைத் திறந்து, மூலையிலுள்ள உங்கள் படத்தை அழுத்தி, கட்டணங்களும் சந்தாக்களும் என்னும் பகுதியில் அதை ரத்து செய்யுங்கள். பணம் பிடிக்கப்பட்டு 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பித் தரக் கேட்கலாம். அதற்குமேல் என்றால் செயலியை உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும், தருவது அவர் விருப்பம். பணம் தொலைபேசிக் கட்டணத்தின்வழி போவதால், உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து அவ்வாறான பிடித்தத்தையே முடக்கச் சொல்லுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படியும் மாற்றிவிடுங்கள்.

மூச்சுப்பயிற்சிக்கு, ஆஸ்திரேலியாவின் இலாப நோக்கற்ற அமைப்பொன்று நடத்தும் ஸ்மைலிங் மைண்ட் நல்ல செயலி. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்ட மைண்ட்ஃபுல்னஸ் கோச் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. இரண்டும் ஆங்கிலத்தில் பேசுபவை. உங்கள் மகளுக்கு அது தடையாக இருந்தால், ஆசிரியரே அதே பயிற்சியைத் தமிழில் தன் குரலில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கொடுக்கலாம். தெரிந்த குரல் என்பதால் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் மனக்குறையைச் சொல்லும் பழக்கம் மாணவர்களிடையே பரவியுள்ளது. மகள் அப்படிச் செய்கிறாளா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். பெயர், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவற்றை அதில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பதற்றம் முற்றி, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவள் ஒரு சொல் பேசினாலும் செயலி எதையும் தேடிக்கொண்டிராமல் அவளுடன் இருங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 காலை எட்டு மணி முதல் நள்ளிரவு வரை இயங்குகிறது. தாலியான் காசே என்னும் அரசாங்க உதவி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. இரண்டையும் இப்போதே உங்கள் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.