கோப்பையைப் பறித்தது சரியா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஸ்டார்ம் ரக்பி லீக் அணியின் 2007, 2009 கோப்பைகளைப் பறித்தது அநியாயம் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்களே?

பதில்: பறித்தது சரிதான். லீகில் ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. 2010-ல் சுமார் 41 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஸ்டார்ம் நிர்வாகம் லீகிடம் காட்டிய ஒப்பந்தம் ஒன்று, கூடுதல் தொகைக்கு எழுதிக்கொடுத்த ரகசியக் கடிதம் வேறு. 5 ஆண்டுகளில் மறைத்தது 17 லட்சம் என்று முதலில் சொன்னார்கள். டெலாய்ட் நிறுவனத்தின் தணிக்கையில் 31 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பணம் இல்லாமல் அத்தனை நட்சத்திரங்களையும் ஒரே அணியில் பிடித்துவைத்திருக்க முடியாது. அபராதத்தோடு விட்டிருந்தால், காசு கொடுத்துக் கோப்பை வாங்கலாம் என்றாகியிருக்கும். ஆனால் 2010-ல் எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் புள்ளி கிடையாது என்றார்களே, அது களத்தில் ஓடிய வீரர்களுக்குக் கொடுமைதான். அதில் ரசிகர்கள் பக்கமே நானும்.