ஊட்டிக் குளிரும் பள்ளிப் பிள்ளைகளும்: முதலில் அணைக்க வேண்டியது கணப்பை

கேள்வி: என் கணவருக்கு வேலை மாற்றலானதால் கடந்த ஜூன் மாதம் மதுரையிலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிவந்தோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 5 வயது. நவம்பர் பிறந்ததிலிருந்து இருவருக்கும் மாற்றி மாற்றிச் சளியும் இருமலும்தான். காலை 7.45 மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். அதற்குள் குளிப்பாட்டிக் கிளப்புவது பெரும்பாடாக இருக்கிறது. காலையில் தலைக்கு ஊற்றுவதால்தான் சளி பிடிக்கிறது என்கிறார் மாமியார். இரவில் கரிக் கணப்பு மூட்டி, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு படுக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார். இரண்டு நாள் அப்படிச் செய்தும் பார்த்தோம். இருமலுக்குக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா? பிப்ரவரி முடியும்வரை பிள்ளைகளை மதுரையில் என் அம்மாவிடம் விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, கணப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கெல்லாம் ஒரு வாரம் பொறுக்கலாம். இதற்கு இன்றிரவுகூடப் பொறுக்க முடியாது. அடைத்த அறைக்குள் கரிக் கணப்பு வைத்துத் தூங்குவதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கரி புகையில்லாமல் சிவந்து கனன்றுகொண்டிருந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். புகை அடங்கிய பிறகும் அந்தத் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் உண்மை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலையும் வரவழைக்காது. ஆகவே தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை அது எழுப்புவதே இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் பிடித்துக்கொள்வதால், மூச்சு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். எனவே முதலில் பாதிக்கப்படுகிறவர்களும் அவர்களே. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, காரணமில்லாத சோர்வு ஆகியவை காய்ச்சலின்றி வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தோன்றி, வெளியே வந்ததும் குறைந்தால், அதைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிவிடக் கூடாது. உடனே எல்லோரையும் வெளியே அழைத்துவந்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, போதாது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்தப்பட்ட கேஸ் கீசரிலும் இதே ஆபத்து இருப்பதால், உங்கள் வாடகை வீட்டில் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இரவுக் குளிரை எப்படிச் சமாளிப்பது? அறை முழுவதையும் சூடாக்கப் பாடுபடுவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது எளிது. கம்பளிகளையும் ரஜாய்களையும் நண்பகல் வெயிலில் உலர்த்தி, வெயில் தாழ்வதற்குள் மடித்து எடுத்துவையுங்கள். ஈரம் ஏறிய கம்பளி எத்தனை கனமாக இருந்தாலும் கதகதப்புத் தராது. படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு, துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் படுக்கைக்குள் வைத்திருந்து, பிள்ளைகள் படுக்கும்போது எடுத்துவிடலாம். உள்ளே ஒரு தெர்மல் உடை, காலில் உலர்ந்த காலுறை, மேலே இரண்டு அடுக்குப் போர்வை இருந்தால், ஜனவரி உறைபனி இரவுகளையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கிக் கழிக்கிறார்கள். மின்சார ஹீட்டர் இருந்தால் படுக்கையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவைத்து, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். காயாத சீருடையை அதன்மேல் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

இனி சளிக்கு வருவோம். குளிர் தனியாகச் சளியை உண்டாக்குவதில்லை. சளியை உண்டாக்குபவை வைரஸ்கள், அவற்றில் ரைனோவைரஸ் முதன்மையானது. குளிருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. உடலின் உட்புற வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவான, ஏறத்தாழ 33 டிகிரி வெப்பத்தில் ரைனோவைரஸ் நன்றாகப் பெருகுகிறது. குளிர்ந்த காற்றை இழுக்கும் மூக்கினுள் அந்தச் சூழல் அமைந்துவிடுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், குளிருக்காக வகுப்பறை, வேன், வீடு எல்லாவற்றின் ஜன்னல்களையும் நாம் அடைத்துவிடுவதுதான். ஒரு பிள்ளை தும்மியது அதே அறையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. கணப்புக்குச் சொன்ன அதே அடைத்த அறைதான் இங்கும் குற்றவாளி. வெயில் நன்றாக ஏறிய பிறகு, காலை 10 மணிக்கு மேல் ஓரிரு மணி நேரமாவது வீட்டு ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்துவையுங்கள். பள்ளியிலும் இதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். ஆசிரியர்கள் பெரும்பாலும் பெற்றோர் கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்சித்தான் ஜன்னலை அடைக்கிறார்கள்.

இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. புதிய பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் அது இன்னும் கூடலாம். ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அதைத் தொடரும் இருமல் இரண்டு மூன்று வாரம்வரை நீடிக்கும். இவற்றில் பெரும்பகுதி நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வந்து குவிவதால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் சளியே இல்லாத நாள் அபூர்வமாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. இன்னொன்று: குழாய் நீர் பனிக்கட்டிபோல் இருப்பதால் பிள்ளைகள் கை கழுவுவதையே விட்டுவிடுகிறார்கள். சோப்புப் போடச் சொல்லி அதட்டுவதற்குப் பதில், வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை எடுத்துவைத்துப் பாருங்கள், தானாகவே கழுவுவார்கள்.

குளியல் பற்றி உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. தலைக்கு ஊற்றுவதால் வைரஸ் வந்துவிடாது. ஆனால் 5, 6 டிகிரி குளிரில், விடிந்தும் விடியாத நேரத்தில் குளிப்பாட்டி, ஈரத்தலையோடு ஒரு குழந்தையை வேன் ஏற்றுவதில் எந்த நன்மையும் இல்லை. மதுரையில் காலைக் குளியலுக்கு ஒரு தேவை இருந்தது. வியர்வை அதிகம், வெப்பம் அதிகம். இங்கே குளியலை மாலை 4 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து திரும்பிய அழுக்கும் போகும், வெயிலும் சற்று மிச்சமிருக்கும், உங்கள் காலைப் பொழுதில் அரை மணி நேரமும் மிஞ்சும். காலையில் முகம், கை, கால், இடுக்குகளைத் துடைத்துவிட்டாலே போதும். தலைக்குளியலை ஞாயிறு நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டுப் பிறகே வெந்நீரைக் கலக்க வேண்டும். இந்த வரிசை மாறும் வீடுகளில்தான் ஓடிவந்த குழந்தை வெறும் வெந்நீரில் கை வைத்துவிடுகிறது. ஹீட்டர் ராடு போட்ட வாளி இருக்கும் அறைக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. குளித்த ஈரம் முழுதாகக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் தோல் வெடிக்காது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால், பாட்டிலை ஜன்னலோர வெயிலில் வைத்திருங்கள்.

காலைப் பரபரப்புக்கு இந்த மலை வீடுகளில் ஒரு பழைய உபாயம் உண்டு. மறுநாளுக்கான சீருடையை இரவே மடித்துப் பிள்ளையின் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துவிடுவார்கள். காலையில் உடை சூடாக இருக்கும், குழந்தை போர்வைக்குள்ளேயே பாதி உடுத்திக்கொள்ளும். எழுப்பும் நேரத்தைவிடத் தூங்கப்போகும் நேரத்தில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு 10 முதல் 13 மணி நேரமும், மகனுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. காலை 6.30-க்கு எழ வேண்டுமானால் இருவரும் இரவு 8.30-க்குள் தூங்கியிருக்க வேண்டும். குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுவது இதற்கு உங்களுக்குக் கிடைத்த உதவி. தொலைக்காட்சியும் அலைபேசியும்தான் அதைக் கெடுக்கின்றன.

உடையில், ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. இங்கே காலை நேரம் உறையவைக்கும். 11 மணி வெயில் சுடும். விளையாட்டு வகுப்பில் பிள்ளை வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த உள்ளுடை பிறகு குளிர்ந்து நடுங்கவைப்பதால், ஓடி ஆடும்போது மேலடுக்கைக் கழற்ற உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். புத்தகப் பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும். ஈரக் காலுறையோடு நாள் முழுதும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கால் விரல்கள் சிவந்து, வீங்கி, கடுமையாக அரிக்கும். இதைச் சில்பிளெயின்ஸ் என்போம். பூச்சிக்கடி என்று நினைத்துக்கொண்டு வருகிற பெற்றோரைக் குளிர்காலந்தோறும் பார்க்கிறேன். அப்படி வந்தால் நெருப்பருகில் நீட்டுவதும் வெந்நீரில் அமிழ்த்துவதும் அதை அதிகப்படுத்தும். உலர்த்தி, காலுறை மாட்டி, மெல்லச் சூடேற விட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிரில் தாகம் தெரியாது. கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். அதனால் மலச்சிக்கல் வரும். சிறுநீரோ, குளிரில் அதிகமாகச் சுரக்கும். சில்லிட்ட கழிவறைக்குப் போகத் தயங்கிப் பிள்ளைகள் அதை அடக்குவார்கள். நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் டிசம்பரில் திரும்ப வருவதும் உண்டு. திட்டாமல், படுக்கும் முன் ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப்போங்கள். பகலில் குடிக்கச் சிறு பிளாஸ்கில் வெதுவெதுப்பான நீர் கொடுத்தனுப்புங்கள். சாப்பாட்டில் பெரிய விலக்கு எதுவும் தேவையில்லை. வாழைப்பழமும் தயிரும் சளியை உண்டாக்குவதில்லை.

இருமல் சிரப்பை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்ததை அடுத்து, 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது என்றும், 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத நல்ல சிரப்பானாலும், சாதாரணச் சளி இருமலை அது குறைப்பதற்கு உறுதியான சான்று இல்லை. படுக்கும் முன் ஒரு சிறு கரண்டித் தேன் கொடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு அது இரவு இருமலைத் தணிக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பாத்திரத்தில் கொதிநீர் வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள்; அதனால் கிடைக்கும் பலனைவிட, கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் அதிகம். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கும் வழக்கமும் வேண்டாம். தவறி வாய்க்குள் போனால் சிறு அளவு கற்பூரமே வலிப்பை உண்டாக்கும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதற்காக ஆன்டிபயாடிக் கேட்க வேண்டியதில்லை, வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்? பிள்ளை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால், அல்லது மூச்சிழுக்கையில் விலா எலும்புகளுக்கிடையே பள்ளம் விழுந்தால், உடனே வர வேண்டும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்காமை, வழக்கத்துக்கு மாறான துவளல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் அது சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டுவது இயல்பு என்பதை நினைவில் வையுங்கள். விடியற்காலையிலும் ஓடும்போதும் மட்டும் இருமல் வந்து, வாரக்கணக்கில் நீடித்தால், அது ஆஸ்துமாவாக இருக்கலாம். குளிர்க்காற்று அதைத் தூண்டும். அப்போது ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து இன்ஹேலர் தரச் சொன்னால், பழகிவிடுமோ என்று அஞ்சாதீர்கள், பழகாது. இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) தடுப்பூசியை ஆண்டுதோறும் போடலாம். 9 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதன்முறை போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும்.

மதுரைக்கு அனுப்புவது பற்றி: அங்கும் மார்கழியில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும், அங்கும் பள்ளிக்குப் போனால் அதே வைரஸ்கள்தான் இருக்கும். மூன்று மாதம் பள்ளியையும் உங்களையும் பிரிந்திருந்துவிட்டு மார்ச்சில் திரும்பினால், இந்த ஊரின் முதல் குளிர்காலத்தை அவர்கள் அடுத்த நவம்பரில் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். பொங்கல் விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அழைத்துப்போங்கள். விடுமுறை முடிந்ததும் உங்களோடு திரும்பி வரட்டும்.