ஹாம்லெட் ஊரில் என்னைக் கவர்ந்தது சுங்கவரிதான்

"டென்மார்க் போகிறேன். ஹெல்சிங்கோர் ஊரில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கும் க்ரோன்போர்க் கோட்டை என்பதைத் தவிர வேறு ஏதாவது வரலாறு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கோபன்ஹேகனில் மூன்று நாள் தங்குவீர்கள், அதில் அரை நாளை இதற்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். முழு நாளே கொடுங்கள்.

நான் சென்னைத் துறைமுகத்தில் 26 வருடம், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் க்ளியரிங் ஏஜென்டாக ஓடியவன். வரலாறு படித்தவன் இல்லை. பெண் கேட்டுப் போன முதல் வீட்டில் "கஸ்டம்ஸ் புரோக்கரா?" என்று கேட்டுவிட்டு, காபியோடு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகளைப் பார்க்கப் போனபோது மருமகன் எங்களைக் கோபன்ஹேகனில் ரயிலேற்றிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர். எதிர்க்கரையில் ஸ்வீடன் தெரிகிறது, நடுவே நான்கு கிலோமீட்டர் தண்ணீர்தான். பால்டிக் கடலுக்குப் போகிற வருகிற கப்பல்களுக்கு இதுதான் முக்கிய வாசல். 1429இல் டென்மார்க்கின் எரிக் ராஜா இந்த இடத்தில் சுங்கவரி போட்டார். கப்பல் நின்று கட்டிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கோட்டையிலிருந்து பீரங்கி பேசும். நின்ற கப்பல்களால் மதுக்கடை, வியாபாரி, வெளிநாட்டுத் தூதர் என்று ஊரே வளர்ந்தது.

வழிகாட்டி சொன்ன ஒன்றைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். பிற்காலத்தில் சரக்கின் மதிப்பை வைத்து வரி போட்டார்களாம். மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை ராஜாவுக்கு உண்டு! குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கும் எத்தனை பார்ட்டிகளோடு நான் மல்லுக்கட்டியிருப்பேன்! என் மனைவி மாடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், நான் வழிகாட்டியைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடனே ஒருவர் வந்து, "அடுத்தவன் கப்பலை மறித்துப் பிடுங்கியதில் என்ன பெருமை?" என்பார். பெருமை என்று நான் சொல்லவில்லையே. கப்பல்காரர்கள் எல்லாரும் சபித்த வரிதான். 1658இல் ஸ்வீடன் அந்தக் கோட்டையையே பிடித்தது. கடைசியில் அமெரிக்கா இனி கட்டமாட்டேன் என்று முரண்டு பிடிக்க, 1857இல் வெளிநாடுகளிடம் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் கப்பல்கள் இந்த வழியாக ஏறக்குறைய 18 லட்சம் முறை கடந்த பதிவு கணக்கேடுகளில் இன்றும் இருக்கிறது. கணக்கு எழுதியவனை யாரும் மதிப்பதில்லை, அவன் எழுதிய கணக்கு மட்டும் வேண்டும்!

ஹாம்லெட் விஷயம் சுருக்கமாக. மூலக்கதையில் வரும் ஆம்லெத் டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜட்லண்ட் ஆள், இந்த ஊர்க்காரன் இல்லை. ஆனால் 1586இல் இங்கிலாந்து நடிகர்கள் சிலர் இங்கே அரசவையில் ஆடினார்கள். அவர்களில் சிலர் பின்னால் ஷேக்ஸ்பியர் குழுவில் சேர்ந்தார்கள். ஊர்ப் பெயர் அவர்கள் வழியாகப் போயிருக்கலாம் என்பது என் ஊகம். இலக்கியம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

 1629இல் க்ரோன்போர்க் கோட்டை தீப்பிடித்து, தேவாலயம் தவிர மற்றதெல்லாம் எரிந்தது. திரும்பக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். நம் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ் கோட்டை எழுந்ததும் இதே ராஜா காலத்தில்தான். பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம் இருந்தது, 1983இல் மூடிவிட்டார்கள். அதன் உலர்துறையை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் பள்ளத்தை, சுற்றித் தரைக்கு அடியில் கடல்சார் அருங்காட்சியகம் கட்டி 2013இல் திறந்தார்கள். கோட்டையை மறைக்கக் கூடாது என்பதால் மேலே எழுப்பவில்லை. கோட்டைக்குக் கொடுக்கும் நேரத்தை இதற்கும் கொடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். அருங்காட்சியக வாசலில் என் வங்கி கொடுத்த பயண அட்டை வேலை செய்யவில்லை. சென்னையில் வாங்கும்போது "உலகமெங்கும் செல்லும் சார்" என்றார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் இருபது நிமிடம் பாட்டு, பிறகு "இந்தியா திரும்பியதும் கிளைக்கு வாருங்கள்". கடைசியில் மகள் கார்டில்தான் டிக்கெட் எடுத்தோம். இரண்டாவது கார்டு ஒன்று கையில் இருக்கட்டும்.